வீட்டுத் தச்சுப் பட்டறையில் டஸ்ட் கலெக்டர் அமைப்பது: யூனிட் வாங்கும் முன் படிக்க வேண்டியது

மெஷின்களிலிருந்து வரும் மரத்தூளை உறிஞ்சிச் சேர்க்கும் டஸ்ட் கலெக்டர் வாங்கலாம் என்ற யோசனையில் இருக்கிறீர்களா? இன்னும் பணம் கட்டவில்லை என்றால் ரொம்ப நல்லது. இந்த வேலையில் பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் யூனிட்டை வாங்குகிறார்கள், அப்புறம் அதன் வாயில் பொருந்துகிற பைப்பைத் தேடுகிறார்கள், கடைசியில் எந்த பிளக்கில் மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். மெஷின் எவ்வளவு காற்று கேட்கிறது என்பதில் தொடங்கி, பைப், ஃபில்டர், மின்சாரம் என்று வந்து, யூனிட்டைக் கடைசியாக முடிவு செய்தால் பாதித் தொல்லை குறையும். நானும் இதில் நிறைய மல்லுக்கட்டினேன். கையேட்டில் ஒரு துண்டு, எலக்ட்ரீஷியன் சொன்னது ஒரு துண்டு என்று பொறுக்கிச் சேர்த்ததை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன்.

மூன்று நான்கு பெரிய மெஷின்கள், சில கைக்கருவிகள், ஒரு கார் நிறுத்தும் அளவு அறை. இப்படிப்பட்ட பட்டறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தொழிற்சாலைக் கணக்கு வேறு.

ஒரு விஷயம் முன்கூட்டியே. தரையில் விழும் சுருளையும் சீவலையும் விளக்குமாறு பார்த்துக்கொள்ளும். நுரையீரலுக்குப் போவது 10 மைக்ரானுக்கும் சிறிய தூள். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அந்தத் தூள் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் அது காற்றில் மிதக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பிரிவில் வைத்திருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத தூளை வைத்தே எடுங்கள். சீவலைப் பிடிக்க மட்டும் என்றால் எந்த யூனிட்டும் போதும்.

1. மெஷின்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளை எடுத்து, இப்போது இருக்கும் மெஷின்களையும் இரண்டு வருடத்துக்குள் வாங்க வாய்ப்புள்ளவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்கள் வேண்டும்: தூள் வெளியேறும் வாயின் விட்டம், தரையிலிருந்து அதன் உயரம், அந்த மெஷினுக்குத் தேவைப்படும் காற்று.

காற்றின் அளவைச் சிஎஃப்எம் என்பார்கள், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று பொருள். 1 சிஎஃப்எம் என்றால் மணிக்கு 1.7 கன மீட்டர். 6 அங்குல ஜாயின்டருக்கும் 14 அங்குல பேண்ட் சாவுக்கும் 350 முதல் 400 வரை வேண்டும். 12 அங்குல பிளேனருக்கு 400 முதல் 500. டேபிள் சாவுக்குப் பழைய பட்டியல்களில் 350 என்று இருக்கும். அது சீவலுக்குப் போதும். பொடித் தூளும் பிடிபட வேண்டுமென்றால் பிளேடுக்கு மேலேயும் மேசைக்குக் கீழேயும் இழுப்பதைச் சேர்த்து 800 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைக் கூட்டாதீர்கள். நீங்கள் ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு மெஷினைத்தான் ஓட்டப் போகிறீர்கள். பட்டியலில் எது அதிகமோ அந்த ஒரே எண்தான் உங்கள் இலக்கு.

2. வேக்குவமா, கலெக்டரா?

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். வேக்குவம் கிளீனர் குறைந்த காற்றை மிகுந்த விசையோடு இழுக்கும், 100 முதல் 150 சிஎஃப்எம் வரை, மெல்லிய ஹோஸ் வழியாக. டஸ்ட் கலெக்டர் நிறையக் காற்றைக் குறைந்த விசையோடு நகர்த்தும், அதனால் அதற்கு அகலமான பைப் கட்டாயம்.

சாண்டர், கை ரூட்டர், வட்ட ரம்பம் போன்ற கைக்கருவிகளுக்கு வேக்குவம். நின்ற இடத்தில் நிற்கும் மெஷின்களுக்குக் கலெக்டர். கலெக்டரின் பைப்பைக் குறுக்கிக் குறுக்கி ஒன்றரை அங்குல ஹோஸாக்கி சாண்டரில் மாட்டினால் காற்றே வராது. பேண்ட் சாவில் வேக்குவத்தை மாட்டினால் பாதித் தூள் வெளியே போகும். உங்களிடம் கைக்கருவிகள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. நல்ல ஃபில்டர் உள்ள வேக்குவம், அதற்கு முன்னால் ஒரு சின்ன சைக்ளோன் வாளி (காற்றைச் சுழற்றித் தூளைத் தனியே இறக்குவது), அவ்வளவுதான்.

3. அறையின் வரைபடம்

கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து மெஷின்களை அவற்றின் இடத்தில் குறியுங்கள். அதிகக் காற்று கேட்கும் மெஷினுக்குப் பக்கத்தில் யூனிட் இருக்க வேண்டும். பொதுவாக அது டேபிள் சா அல்லது பிளேனராக இருக்கும். இதில் யூனிட்டை நகர்த்துவதை விட மெஷின்களை நகர்த்துவது மலிவு. சுவரோரமாக வரிசையாக நகர்த்தி வைத்தாலே பல அடி பைப் மிச்சமாகும்.

யூனிட் நிற்கும் இடத்தில் மூன்றைப் பாருங்கள். தூள் சேரும் டிரம்மை வெளியே இழுக்க முன்னால் இடம் இருக்கிறதா? ஃபில்டரைக் கழற்ற மேலே உயரம் இருக்கிறதா? சத்தம் யார் படுக்கையறைக்குப் போகிறது? தனி அலமாரி அறைக்குள் யூனிட்டை வைத்தால் சத்தம் நன்றாகவே குறையும், ஆனால் யூனிட் இழுத்த காற்று பட்டறைக்குத் திரும்பி வர ஒரு வழி விட வேண்டும். அந்த வழியின் பரப்பு மெயின் பைப்பின் பரப்பை விடச் சில மடங்கு பெரிதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கதவிடுக்கு வழியாகக் காற்று ஊளையிடும், இழுப்பும் குறையும்.

வாடகை வீடு அல்லது அடுக்குமாடி என்றால் இந்தக் கட்டத்திலேயே வீட்டு உரிமையாளரிடமோ சங்கத்திடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சுவரில் துளை, தனி மின்வழி, சத்தம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், பட்டறைக் கருவிகளுக்கும் அங்கே தொடங்கும் தீக்கும் பொருந்துமா என்று மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது.

4. பைப்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

யூனிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பைப் மோசமென்றால் எல்லாம் வீண். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை, பைப்பைப் பெட்டியில் போட்டுப் படம் எடுக்க முடியாதல்லவா.

விட்டம். 4 அங்குல பைப் வசதியாகக் கிடைக்கிறது, பெரும்பாலான மெஷின்களின் வாயும் அந்த அளவுதான். ஆனால் சிறு கலெக்டர்களின் விசையில் 4 அங்குல பைப் 400 சிஎஃப்எம்முக்கு மேல் கொண்டுபோவது கடினம். 6 அங்குலத்தின் பரப்பு அதைப் போல 2.25 மடங்கு. அதே அளவு காற்று ஓடும்போது 6 அங்குல பைப்பில் உராய்வு இழப்பு 4 அங்குலத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். அதனால் உங்கள் இலக்கு 800 என்றால் மெயின் பைப் 6 அங்குலம், 550 என்றால் 5 அங்குலம், 350 போதும் என்றால் 4 அங்குலம்.

அப்படியானால் எல்லோரும் 6 அங்குலமே போட்டுவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. சீவல் பைப்புக்குள் படியாமல் போக, காற்று நிமிடத்துக்கு 3,500 முதல் 4,000 அடி வேகத்தில், அதாவது நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 350 சிஎஃப்எம் மட்டுமே இழுக்கும் சின்ன யூனிட்டில் 6 அங்குல பைப்பை மாட்டினால் வேகம் நிமிடத்துக்கு 1,800 அடியாக இறங்கிவிடும். படுக்கைவாட்டில் போகும் பைப்பில் சீவல் மெல்ல மெல்லப் படிந்து, ஒரு நாள் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். பைப்பும் யூனிட்டும் ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் யோசிக்க வேண்டும்.

பொருள். கழிவுநீருக்கான மெல்லிய சுவர் பிவிசி பைப் மலிவு, வெட்டுவதும் எளிது. தகர பைப் என்றால் 26 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனாகப் பாருங்கள். குளிர்சாதனக் காற்று செல்வதற்கான மெல்லிய தகரக் குழாயை வாங்கிவிட்டு, கிளைகளை மூடும் கேட்டுகள் எல்லாவற்றையும் மூடிய நிலையில் பெரிய யூனிட்டை ஓட்டினால் குழாய் நசுங்கிப்போகலாம்.

பிவிசி என்றதும் 'நிலைமின்சாரத்தால் வெடித்துவிடும்' என்று பயமுறுத்துவார்கள். வீட்டு அளவு அமைப்பில் அதன் தொல்லை பெரும்பாலும் கையில் சுரீரென்று அடிப்பதுதான். வெளிப்பக்கம் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் இணைத்தால் அந்த அடி குறையும். உள்ளே கம்பி விடாதீர்கள், சீவல் அதில் சிக்கி அடைத்துக்கொள்ளும். தீக்கு உண்மையான வழி வேறு. மரத்தில் மறைந்திருந்த ஆணி இம்பெல்லரில் (காற்றை இழுக்கும் விசிறிச் சக்கரம்) மோதும் பொறி, இரும்பு தேய்க்கும்போது பறக்கும் பொறி, இவை டிரம்மில் விழுந்து தூளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆகவே இரும்பு கிரைண்டரை இந்த பைப்பில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

வளைவுகள். சட்டென்று திரும்பும் 90 டிகிரி எல்போ ஒன்று, பல அடி நேர்ப்பைப்பு தின்னும் அளவு விசையைத் தின்னும். அதற்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ, நடுவில் ஒரு சாண் நேர்ப்பைப்பு. கிளை பிரியும் இடத்தில் 'டீ' வேண்டாம், ஒய் வடிவத் துண்டு போடுங்கள், அதன் சாய்வு யூனிட்டை நோக்கி இருக்கட்டும். யூனிட்டின் வாயிலேயே எல்போ போடுவதும் கூடாது. குறைந்தது இரண்டு மூன்று அடி நேர்ப்பைப்பு விட்டுத்தான் வளைவு வர வேண்டும், காற்று சுழன்றுகொண்டே உள்ளே போனால் சைக்ளோன் ஒழுங்காகப் பிரிக்காது.

மெயின் பைப்பிலிருந்து கிளையைப் பக்கவாட்டிலோ மேலிருந்தோ எடுங்கள். அடியிலிருந்து எடுத்தால், அந்தக் கிளை மூடியிருக்கும் நேரத்தில் மற்ற மெஷின்களின் சீவல் அதற்குள் விழுந்து சேரும்.

வளையும் ஹோஸ். அதன் உள்சுவர் வரிவரியாக இருப்பதால் வழவழப்பான பைப்பைப் போல மூன்று மடங்கு எதிர்ப்பு கொடுக்கும். மெஷினுக்கும் பைப்புக்கும் இடையே மூன்றடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 'முழுவதும் ஹோஸே போட்டால் வேலை சுலபம்' என்று சொல்கிறவர்களின் பட்டறையில் போய் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

கேட்டுகள். ஒவ்வொரு கிளையிலும் இழுத்து மூடும் தகடு ஒன்று வேண்டும், பிளாஸ்ட் கேட் என்பார்கள். மலிவான பிளாஸ்டிக் கேட்டின் மூலையில் தூள் சேர்ந்து நாளடைவில் முழுதாக மூடாது. அலுமினியம் கொஞ்சம் கூட விலை, ஆனால் உழைக்கும். எட்டாத உயரத்தில் கேட்டை வைத்தால் இரண்டாம் வாரத்திலிருந்து நீங்கள் அதை மூடவே மாட்டீர்கள்.

5. யூனிட்: மூன்று தாள்கள் இல்லாமல் வாங்காதீர்கள்

பெட்டி மேல் '1,200 சிஎஃப்எம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஃபில்டரும் பைப்பும் மாட்டாமல், வெறும் விசிறியை ஓட்டி அளந்த எண்ணாகவே அது பெரும்பாலும் இருக்கும். எல்லாம் மாட்டிய பிறகு பாதியோ அதற்குச் சற்று மேலோ கிடைத்தால் நல்ல யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறனை மட்டும் பார்த்தும் ஏமாற வேண்டாம், இம்பெல்லரின் விட்டத்தைக் கேளுங்கள். 10 அங்குல இம்பெல்லர் 4 அங்குல பைப்போடு நின்றுவிடும். 6 அங்குல மெயினுக்கு 14 அங்குலம் அல்லது அதற்கு மேல் தேவைப்படும், அதைச் சுழற்ற 3 குதிரைத்திறன் பக்கம் மோட்டார் வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய தாள்கள் இவை. முதலாவது விசிறி வரைகோடு: எந்த எதிர்ப்பில் எவ்வளவு காற்று வரும் என்று காட்டும் வரைபடம். அதைத் தர மறுக்கும் அல்லது 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும் கடையை நான் தாண்டிப் போய்விடுவேன். இரண்டாவது ஃபில்டரின் சோதனைச் சான்று: எந்த அளவுத் துகளை எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று எழுத்தில். மூன்றாவது மோட்டாரின் பெயர்ப்பலகைப் படம்: வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், சுற்றுவேகம்.

அந்த ஹெர்ட்ஸ் எண்ணைக் கவனமாகப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்த யூனிட்டை 50 ஹெர்ட்ஸ் இணைப்பில் ஓட்டினால் சுற்றுவேகம் 3,450இலிருந்து 2,875க்கு இறங்கும். காற்று ஆறில் ஒரு பங்கு குறையும். உறிஞ்சும் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். மோட்டாரும் சூடாகும். இறக்குமதிச் சரக்கில், செகண்ட் ஹேண்ட் சரக்கில் இதைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் அதிகம்.

6. ஃபில்டரும் சைக்ளோனும்

மலிவான யூனிட்டுகளோடு வரும் துணிப்பை பல சமயம் 30 மைக்ரான் அளவுடையதாக இருக்கும். எனக்கு வந்ததும் அதுதான். சீவல் உள்ளே தங்கும், பொடித் தூள் துணி வழியாகப் பிதுங்கி அறை முழுக்கப் பரவும். அதாவது தரையில் கிடந்திருக்க வேண்டிய தூளைக் காசு கொடுத்து மூக்கு உயரத்துக்கு ஏற்றிவிடுகிறோம். அப்படிப்பட்ட யூனிட்டுக்குக் கலெக்டர் இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

குறைந்தபட்சம் 1 மைக்ரான் அளவுப் பை அல்லது மடிப்பு ஃபில்டர் வேண்டும். ஹெப்பா தரம் என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 'ஹெப்பா மாதிரி' என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா இல்லை. அளவைப் போலவே பரப்பும் முக்கியம். ஒரே தரமுள்ள இரண்டு ஃபில்டர்களில் பரப்பு அதிகம் உள்ளது மெதுவாக அடைக்கும், காற்றையும் குறைவாகத் தடுக்கும்.

சைக்ளோன் ஃபில்டருக்குக் காவல். காற்றைச் சுழற்றிச் சீவலையும் பெரும்பாலான தூளையும் டிரம்மில் இறக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பும். மடிப்பு ஃபில்டர் போட்டால் சைக்ளோனும் போடுங்கள், இல்லையென்றால் மடிப்புகளுக்குள் சீவல் சொருகிக்கொள்ளும். சைக்ளோனும் கொஞ்சம் விசையைத் தின்னும், கணக்கில் வையுங்கள். அதன் அடியில் இருக்கும் டிரம் காற்றுப் புகாமல் மூட வேண்டும். மூடியில் சின்ன இடுக்கு இருந்தாலும், விழுந்த தூளைக் காற்று மறுபடி மேலே தூக்கி ஃபில்டருக்குக் கொண்டுபோய்விடும். ரப்பர் பட்டை ஒட்டுவதில் சோம்பல் படாதீர்கள்.

ஃபில்டரே வேண்டாம், காற்றை வெளியே விட்டுவிடலாமா? ஃபில்டர் எதிர்ப்பு இல்லாததால் இழுப்பு கூடும், உள்ளே தூளும் திரும்பாது. ஆனால் 800 சிஎஃப்எம் என்றால் மணிக்கு 1,360 கன மீட்டர். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் மூன்றரை நிமிடத்துக்குள் வெளியே போய்விடும். அதே அளவு காற்று உள்ளே வர ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஏசியோ ஹீட்டரோ போட்டிருந்தால் அந்தக் குளிரோ சூடோ வெளியே ஓடிவிடும். இவற்றை விட முக்கியம்: அதே கூரையின் கீழ் எரிவாயு வெந்நீர் சாதனமோ அடுப்போ இருந்தால், குறைந்த அழுத்தம் அதன் புகையை வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு சாதனம் இருக்கும் வீட்டில் வெளியேற்றும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அண்டை வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பணம் எங்கே போகும்?

யூனிட்டின் விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போட்டால் பாதியில் நின்றுவிடும். பைப், ஒய், எல்போ, கேட், தாங்கிகள் எல்லாம் சேர்ந்து யூனிட் விலைக்கு நிகராகவே வரக்கூடும். பைப்பை விட இணைப்புத் துண்டுகளே அதிகம் இழுக்கும். வரைபடத்தில் உள்ள துண்டுகளை எண்ணி, அந்தப் பட்டியலுக்கு விலை கேட்டுவிட்டுத்தான் யூனிட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இதோடு நல்ல ஃபில்டர், எலக்ட்ரீஷியன் கூலி, முகக்கவசம், காதுக்கவசம்.

சிக்கனம் செய்யலாம் என்றால் கேட்டுகளை மரத்தில் நீங்களே செய்யுங்கள், பைப்பின் நீளத்தைக் குறையுங்கள், பழைய யூனிட் வாங்குங்கள். ஃபில்டரிலும் மின்வேலையிலும் கை வைக்காதீர்கள். மின்கட்டணம் பெரிய செலவில்லை: 3 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டரை முதல் மூன்று கிலோவாட்-மணி வரை ஆகும்.

8. மின்சாரம்

தனி வயர், தனி எம்சிபி (சுமை மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்). டேபிள் சாவும் கலெக்டரும் ஒரே நேரத்தில் ஓடப் போகின்றன என்பதை மறந்து இரண்டையும் ஒரே வழியில் கொடுத்தால் எம்சிபி விழுந்துகொண்டே இருக்கும். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பெயர்ப்பலகைப் படத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், வயரின் தடிமனையும் எம்சிபியின் வகையையும் அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரண நீட்டிப்புப் பெட்டியில் ஓட்டுவது கூடவே கூடாது. ரிமோட் வைக்க ஆசையென்றால் மோட்டார் சுமைக்கான கான்டாக்டரை (பெரிய மின்சுமையைத் தாங்கும் சுவிட்ச்) ரிமோட் இயக்கட்டும். விளக்குக்கான ரிமோட் பிளக் சீக்கிரமே கருகிவிடும்.

வேலை முடிந்ததும் என்ன வயர், எந்த எம்சிபி, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் ஊரில் முறையான சான்று தரும் வழக்கம் இருந்தால் அதையே கேளுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இதுதான்.

9. மாட்டும் வரிசை

எலக்ட்ரீஷியன் தேதியை முதலில் பிடியுங்கள், அதுதான் இழுக்கும். ஃபில்டரும் பெரிய ஒய் துண்டுகளும் கடையில் கையிருப்பு இல்லாமல் போவது சகஜம், ஆகவே ஆர்டரை அடுத்துப் போடுங்கள். யூனிட்டைப் பொருத்துவது அரைநாள் வேலை. பைப் வேலைக்கு அதைப் போலப் பல மடங்கு நேரம் ஒதுக்குங்கள், கூடவே ஒரு ஆள் இருந்தால் நல்லது. சைக்ளோனும் மோட்டாரும் கனமானவை, தனியாகத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் யூனிட்டை நிறுத்தித் தரையிலோ சுவரிலோ இறுக்குங்கள். அங்கிருந்து மெயின் பைப், அப்புறம் கிளைகள், கடைசியில் ஹோஸ். தகர பைப்பில் சுருக்கிய முனை காற்று போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். ஐந்தாறு அடிக்கு ஒரு தாங்கி. இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், நாளை மெஷின் இடம் மாறும், அடைப்பு எடுக்கவும் கழற்ற வேண்டி வரும். குட்டை ஸ்க்ரூ இரண்டு மூன்று, மேலே அலுமினிய டேப், போதும். நீள ஸ்க்ரூவின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் சுருள்கள் அதில் மாட்டும். துணி டேப் ஒரே வருடத்தில் உரிந்துவிடும். மெயினின் கடைக்கோடியில் கழற்றக்கூடிய மூடி ஒன்று வையுங்கள், அடைப்பு எடுக்க அதுதான் வாசல்.

எல்லா பைப்பும் மாட்டும் முன் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று வாய் திறந்த யூனிட்டை நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். இந்த வகை விசிறி தடையில்லாமல் நிறையக் காற்றை நகர்த்தும்போதுதான் அதிக மின்னோட்டம் இழுக்கும், மோட்டார் சுமை தாண்டிப் போகலாம்.

10. மெஷினின் வாய்

பைப் வரை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, மெஷினில் 2 அங்குல வாயை அப்படியே விட்டால் 6 அங்குல மெயின் வெறும் அலங்காரம்தான். முடிந்த இடத்தில் வாயைப் பெரிதாக்குங்கள். டேபிள் சாவுக்குக் கீழே ஒன்று, பிளேடுக்கு மேலே கவசத்தோடு ஒன்று என இரண்டு வாய் தேவை, மேலே பறக்கும் பொடிதான் நேராக முகத்துக்கு வருகிறது. பேண்ட் சாவில் மேசைக்கு நேர் கீழே, பிளேடு இறங்கும் இடத்தில் இழுக்க வேண்டும். ரூட்டர் மேசைக்கு வேலியில் ஒன்றும் அடிப்பெட்டியில் ஒன்றும். மைட்டர் சா யாருக்கும் அடங்காதது, பின்னால் அகலமான கூண்டு கட்டி அதில் பைப்பை விடுவதே வழி.

அடைத்த பெட்டிக்குள் காற்று நுழையவும் வழி வேண்டும். டேபிள் சாவின் எல்லா இடுக்கையும் டேப் போட்டு அடைத்துவிட்டால் உள்ளே காற்று வராது, தூளும் பைப்புக்குள் போகாது.

11. சோதித்துப் பாருங்கள்

ஒரு கேட்டை மட்டும் திறந்து யூனிட்டை ஓட்டுங்கள். எரியும் ஊதுபத்தியை இணைப்புகளின் வெளிப்பக்கம் நகர்த்தினால், புகை உள்ளே இழுபடும் இடமெல்லாம் கசிவு. தூள் படிந்த இடத்தில் இதைச் செய்யாதீர்கள், பத்தியைத் திறந்த வாய்க்குக் கிட்டேயும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் இருட்டிய பிறகு விளக்கை அணைத்து, ஒரு பலகையை அறுத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் மின்னுவதெல்லாம் தப்பி வந்த தூள். காற்றில் மிதக்கும் பொடித் தூளை அளக்கும் கையடக்க பிஎம் 2.5 மீட்டர் ஒன்று வாங்கினால் இன்னும் தெளிவு. அறுப்பதற்கு முன் என்ன எண், பின் என்ன எண், எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு இறங்குகிறது என்று எழுதுங்கள்.

எண் இறங்கத் தாமதமானால் கூரையில் தொங்கும் காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். அறையின் கன அளவை மணிக்கு ஆறு முதல் எட்டு முறை சுழற்றும் திறன் பாருங்கள். அது தப்பிய தூளுக்குத்தான், கலெக்டருக்கு மாற்று இல்லை.

12. பராமரிப்பு

டிரம் முக்கால் பங்கு நிறையும்போதே காலி செய்யுங்கள். நிரம்பி வழிந்தால் அடுத்த சில நிமிடங்களில் சீவல் எல்லாம் ஃபில்டருக்குள் போய்விடும், பிளேனர் ஓடும்போது இது நீங்கள் நினைப்பதை விட வேகமாக நடக்கும். காலி செய்யும்போதும் ஃபில்டரைத் தட்டும்போதும் என்95 அல்லது அதற்கு மேலான முகக்கவசம் கட்டாயம், வாரம் முழுக்கப் பிடித்த பொடியெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் எழும்பும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், மருந்தேற்றிய மரம் ஆகியவற்றின் தூளை எரிக்கவோ எருக்குழியில் போடவோ வேண்டாம். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியை டிரம்மில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

ஃபில்டரை எப்போது சுத்தம் செய்வது என்று தேதி வைத்துச் சொல்ல முடியாது, எம்டிஎஃப் அறுக்கிறவருக்கும் தேக்கு சீவுகிறவருக்கும் கணக்கு வேறு. உள்ளே தெரியும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயை 'U' போல வளைத்துச் சுவரில் மாட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு முனையை விசிறிக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு சிறு துளையில் செருகுங்கள். புது ஃபில்டரோடு ஒரே ஒரு கேட்டைத் திறந்து ஓட்டி, இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். பின்னால் அதே கேட்டைத் திறந்து பார்க்கும்போது வித்தியாசம் கூடியிருந்தால் ஃபில்டர் அடைக்கிறது என்று பொருள். மடிப்பு ஃபில்டரை வெளியே எடுத்துப் போய், குறைந்த அழுத்தக் காற்றால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி ஊதுங்கள். ஊதிய பிறகும் மட்டம் பழைய குறிக்குப் பக்கத்தில் இறங்கவில்லை என்றால் ஃபில்டரை மாற்ற வேண்டிய நேரம்.